பன்னிரண்டு முனைக் கொம்பு

பன்னிரண்டு முனைகளில் ஐந்தைக் காணவில்லை. விக்ரோறியா இரண்டு தரம் எண்ணினாள். அரிந்த இடங்கள் தேங்காய்ச் சொட்டுப் போல வெள்ளையாய் இருந்தன. கராஜ் மேசையில் கிடந்த இரும்பரியும் வாளைக்கூடத் துடைத்து வைக்க ஒருவருக்கும் புத்தி வரவில்லை.

அவை வாபிற்றி என்ற பெரிய மானின் கொம்புகள். எங்கள் ஊர் மரை அதற்குப் பக்கத்தில் நின்றால் கன்று மாதிரித்தான் தெரியும். புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டின் தெற்கே ஃபியோர்ட்லாந்து மலையில், அரசாங்கக் காட்டில், குலுக்கலில் சீட்டு விழுந்தவர்கள் மட்டும்தான் அதை வேட்டையாடலாம். விக்ரோறியா ஆறு வருடம் சீட்டுப் போட்டவள். ஐந்து வருடம் விழவில்லை.

பென்ரோஸ் களஞ்சியத்தில் பதினொரு வருடம் பெட்டி தூக்கித் தோள் இறுகிய மனுசி. கூட வேலை செய்த ஒருத்தி சும்மா வந்து பார் என்று வில் சங்கத்துக்குக் கூட்டிப் போனபோது, முதல் நாளே வில்லை முழுதாய் இழுத்தாள். போன ஏப்ரலில் சங்கத்து ஆட்கள் இருவரோடு பத்து நாள் மழையில் ஈரச் சப்பாத்தோடு மலையேறினாள். எட்டாம் நாள் அந்த ஆண் மான் கூவிக்கொண்டு இருபத்தெட்டு மீற்றருக்குக் கிட்ட வந்தது. ஒரே அம்பு. இறைச்சியை எலும்பு கழற்றி, மூன்று பேரும் இரண்டு நாள் சுமந்து இறக்கினார்கள்.

கிளென் ஈடனில் இருக்கிற வீட்டுக்குக் கொண்டுவந்து கறி வைத்து வேதக்கோயில் சனத்துக்குக் கொடுத்தாள். தின்ற வாய்கள் எல்லாம் அவளுடைய மனுசனைத்தான் கேட்டன. "பீற்றர், எப்பிடியடா சுட்டனீ?" பீற்றர் சிரித்தான். இல்லை என்று சொல்லவில்லை.

அதனால்தான் அவளுக்குச் சங்கத்துச் சாதனைப் புத்தகத்தில் பெயர் ஏற வேண்டியிருந்தது. அச்சில் வந்துவிட்டால் ஒருவரும் பீற்றரைக் கேட்கமாட்டார்கள். கொம்பை முனை முனையாய் அளந்து புள்ளி போட்டுத்தான் பெயர் ஏற்றுவார்கள்; அதுவும் இரண்டு மாதம் காய்ந்தபிறகுதான் அளப்பார்கள். அந்தச் சனிக்கிழமைதான் அளக்கிற நாள்.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா வாங்கோ."

பீற்றர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தான்.

"ஆர் அரிஞ்சது?"

"இராசரத்தினம் அண்ணைக்கு முழங்கால் வீக்கமாம். மான் கொம்பு உரைச்சுப் பூசினா வத்துமெண்டு உமக்குந் தெரியுந்தானே. ஒரு நுனி குடுத்தனான்."

"அஞ்சு காணேல்லை."

"அவர் பூசை முடியச் சனத்துக்குச் சொல்லிப்போட்டார். மரகதம் அக்காவும் கேட்டவ. கேக்கிற சனத்துக்கு எப்பிடி இல்லையெண்டுறது?"

"என்னட்டை ஒரு சொல்லுக் கேக்க வாய் வரேல்லையோ?"

"நுனிதானே விக்ரோறியா. பெரிய பங்கு அப்பிடியே கிடக்குது."

"உங்கட மூக்கு நுனியையும் அரிஞ்சு குடுங்கோ. மிச்ச முகம் அப்பிடியே கிடக்குந்தானே."

"திருப்பி வாங்கியந்து ஒட்டுவம்."

"எங்கயிருந்து? அண்ணையின்ர முழங்காலைச் சுரண்டியோ? கொம்பை வாகனத்திலை ஏத்துங்கோ."

சங்கத்தில் அளக்கிறவர் ஒரு வயதான வெள்ளைக்காரர். முதல் முனையில் நாடாவை வைத்தார். இரண்டாவதில் அவருடைய கை நின்றது. என்ன நடந்தது என்று கேட்டார்.

"இவர் சொல்லுவார்" என்று விக்ரோறியா மனுசனைக் காட்டினாள்.

பீற்றர் தன்னுடைய ஆங்கிலத்தில் முழங்கால், வீக்கம், உரைத்துப் பூசுவது எல்லாம் விளங்கப்படுத்தினான். கிழவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, வீக்கம் குறைந்ததா என்றார்.

"கொஞ்சம்" என்றான் பீற்றர்.

அந்த ஒரு சொல்லுக்கே அவனை அம்புப் பலகையில் கட்டி வைக்கலாம் போல அவளுக்கு இருந்தது.

அரிந்த முனைக்குப் புள்ளி இல்லை. கூட்டிப் பார்த்தால் புத்தகத்தில் ஏறுகிற அளவுக்குக் கிட்டவும் வரவில்லை. முழுதாய் இருந்திருந்தால் சங்கத்தில் இதுவரை அளந்ததில் முதல் மூன்றுக்குள் வந்திருக்கும் என்று கிழவர் ஆறுதலாகச் சொன்னார். நல்ல ஆறுதல். வெந்த புண்ணில் உப்பு.

திரும்பி வரும்போது பீற்றர் மெல்ல வாய் திறந்தான். "அடுத்த வருஷமும் சீட்டுப் போடலாந்தானே?"

"அது என்ர பாடு. நாளைக்குப் பூசை முடிய, இது ஆர் எய்ததெண்டு நீங்கள் உங்கட வாயாலை சொல்லோணும். சொல்லாட்டி, நீங்கள் இருக்கக்கையே நான் சொல்லுவன். எது வசதியெண்டு யோசிச்சுக்கொள்ளுங்கோ."

ஞாயிறு, கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி நேரம். இராசரத்தினம் அண்ணை கால் நொண்டாமல் நடந்து வந்து பீற்றரின் முதுகில் தட்டினார். "தம்பி, நீ சுட்ட மானாலை நடக்கிறனடா."

பீற்றர் விக்ரோறியாவைப் பார்த்தான். "நான் சுடேல்லை அண்ணை. விக்ரோறியா வில்லாலை எய்தது. நான் செய்தது கொம்பை அரிஞ்சு பழுதாக்கினதுதான்."

அண்ணையின் கை பீற்றரின் முதுகிலிருந்து இறங்கியது.

"இதை ஏப்ரலிலையே சொல்லியிருக்கலாம்" என்றாள் விக்ரோறியா. அவளுக்குக் கோபம் இம்மியும் குறையவில்லை.

மரகதம் அக்கா கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "அப்ப உன்னட்டையெல்லோ பிள்ளை கேட்டிருக்கோணும். எனக்கு மற்றக் காலுக்கும் ஒரு துண்டு தாவன்."

"தரமாட்டன்."

மரகதம் அக்கா பீற்றரைப் பார்த்தார். பீற்றர் தன் சப்பாத்தைப் பார்த்தான்.