கெட்டதும் புளித்ததும்

2023 டிசம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு இரண்டு ஒயின் ஜாடிகளையும் திறந்தேன். முதல் ஜாடியிலிருந்து எழுந்த நெடி மூக்கைக் குத்தியது. இரண்டாவதன் மேல் பச்சையாகப் பூசணம் படர்ந்திருந்தது.

கிறிஸ்துமஸ் ஒயின் எங்கள் வீட்டில் அம்மாவின் பொறுப்பு. அந்த ஆண்டு அவர் கை முறிந்து கட்டுப் போட்டிருந்ததால், திராட்சையைப் பிசைந்து, சர்க்கரையும் கிராம்பும் சேர்த்து, ஊறவைத்து வடித்ததெல்லாம் நான்தான். வடித்த பிறகு காற்றுப் புகாமல் இறுக மூடியிருக்க வேண்டும். நானோ ஊறுகாய் ஜாடிக்குக் கட்டுவதுபோல வெள்ளைத் துணியைக் கட்டி வைத்துவிட்டேன்.

அக்காவுக்கு நிச்சயமாகியிருந்த வீட்டார் அன்று மதியம் புதுச்சேரியிலிருந்து விருந்துக்கு வருவதாக இருந்தது. “ஒயின் எங்க சின்னவ போட்டது” என்று அம்மா அவர்களிடம் போனில் பெருமையாகச் சொல்லியிருந்தார். வீட்டில் அதிகம் பேசாதவள் நான். என் பெயரைச் சொல்லி விருந்தில் வைக்க அந்த ஒயினை விட்டால் வேறொன்றும் இல்லை.

அம்மா குனிந்து முகர்ந்தார். “இன்னாடி இது, கண்ணே எரியுது! ரெண்டும் கெட்டுப்போச்சு. கொண்டுபோய் கொட்டு.”

நைனா ஒரு சொட்டை நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தார். “கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே பெரிய வெள்ளிக்கிழமை வந்துடுச்சா?” சிலுவையில் தொங்கியவருக்குக் குடிக்கக் கொடுத்தது காடி; அதைத்தான் குத்திக்காட்டினார்.

அந்தக் கேலிதான் எனக்கு வழியைக் காட்டியது. காடி என்றால் வினிகர். வினிகரை யாரும் கெட்டுப்போனது என்று சொல்வதில்லை.

“கெடலம்மா. புளிச்சிருக்குது. கறியில ஊத்தலாம்.”

“ரெண்டும் ஒண்ணுதான்டி.”

“தோச மாவு புளிச்சா கொட்டிடுவியா?”

“வாய் இருக்குதே உனக்கு!” என்றார் அம்மா. “கெட்டதக் கறியில ஊத்தி சம்மந்தி ஊட்டுக்குப் போடறதா? நல்லா இருக்குது நியாயம்!”

அம்மாவை நம்பவைக்கச் சொல் போதாது, வாசனை வேண்டும். இரண்டு ஜாடியிலிருந்தும் ஒவ்வொரு கரண்டி எடுத்துத் தனித்தனிக் கிண்ணங்களில் சூடாக்கினேன். முதலாவதில் குத்தும் நெடி ஆவியோடு போய், திராட்சையும் கிராம்பும் கலந்த புளிப்பு மணம் நின்றது. இரண்டாவது கொதிக்கக் கொதிக்க, மழையில் நனைந்த கோணிச் சாக்கின் வாடை அடுப்படி முழுக்கப் பரவியது. ஒன்று புளித்தது, மற்றது கெட்டது. கெட்டதை நெருப்பு திருத்தாது என்பது எனக்கு அப்போது தெளிவாகிவிட்டது. இரண்டாவது ஜாடியை நானே கொல்லைப்புறம் கொண்டுபோய்க் கொட்டினேன். எதிரே ராஜகிரிக் கோட்டை மலையின் உச்சியில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

திரும்பி வந்தபோது அம்மா முதல் கிண்ணத்தை இரண்டாம் முறையாக முகர்ந்துகொண்டிருந்தார். “ஒரு கிலோ கறிய மட்டும் எடுத்துக்க. மீதிய நான் சொல்றபடி கொழம்பு வை. அது ஊத்திக்கிச்சுன்னா இதாவது இருக்கட்டும்.”

மிளகாய், சீரகம், கடுகு, நிறைய பூண்டு எல்லாவற்றையும் தண்ணீர் விடாமல் அந்தக் காடியிலேயே அரைத்தேன். விழுதைக் கறியில் பிசறி ஊறவைத்து, பிறகு மண்சட்டியில் எண்ணெய் பிரியும்வரை வேகவிட்டேன். புளியோ தக்காளியோ சேர்க்கவில்லை.

பந்தியில் அக்காவின் வருங்கால மாமியார் இரண்டு கறியையும் தொட்டுப் பார்த்தார். அப்புறம் அவர் கை மண்சட்டிப் பக்கமே போயிற்று. மூன்றாம் முறை போட்டுக்கொண்டபோது கேட்டார்: “இன்னா வினிகர் இது? கடையில வாங்குனது மாதிரி இல்லியே.”

“அது எங்க சின்னவ போட்ட ஒயினுங்க…” என்று தொடங்கிய அம்மா பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“ஒயின் புளிச்சுப்போச்சுங்க அத்தை. அதையே ஊத்திட்டேன்” என்றேன்.

நைனா தண்ணீர் டம்ளருக்குள் முகத்தைப் புதைத்தார். அக்கா என்னை முறைத்தாள்.

மாமியாரோ உரக்கச் சிரித்தார். “அதான் பாத்தேன்! எங்க ஊட்டுல ஒயினு புளிக்கணும்னே ஒரு பாட்டில வுட்டு வப்போம். இந்தப் பக்கம் அது தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி இருக்கிறான்னு நான் நெனைக்கவே இல்ல. எனக்கு ஒரு பாட்டில் குடும்மா.”

“ஒயின் குடிக்க வந்துட்டு வினிகரோட போறீங்களே சம்மந்திம்மா!” என்றார் நைனா.

“ஒயினு எந்த ஊட்டுலயும் கெடைக்கும்ங்க.”

அம்மா கட்டுப் போடாத கையால் மண்சட்டியைத் தன் பக்கம் இழுத்து, ஒட்டியிருந்த கடைசி மசாலாவில் சோற்றைப் போட்டுப் பிசைந்தார். அவருடைய குழம்பில் பாதி அப்படியே இருந்தது.

மறுநாள் காலை பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்ததும், பூசணம் பிடித்த ஜாடியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். இனி அது காடிக்கு மட்டும். அதன் வாயில் கட்டுவதற்கு வெள்ளைத் துணி ஒன்றைத் துவைத்துக் கொடியில் போட்டேன்.