மூன்று முறை கேட்ட மன்னிப்பு

மன்னிக்கும் முறையைப் பிள்ளைகளுக்கு முப்பத்தோரு வருடம் சொல்லிக்கொடுத்த ஒருவர், தான் மட்டும் மன்னிக்காமலே வாழ்ந்து முடித்துவிட முடியுமா? ஹெனியாவின் மகள் நாவாவுக்குப் பல வருடங்களாக இந்தக் கேள்வி இருந்தது. அம்மா உயிரோடு இருந்தவரை கேட்கத் துணிவு வரவில்லை.

மெல்போர்னின் கால்ஃபீல்டில், யூதப் பள்ளியொன்றில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஹெனியா. யோம் கிப்பூர் என்ற பாவமன்னிப்பு நோன்புக்கு முந்தைய வாரம், மன்னிப்புக் கேட்பதற்கான யூதச் சட்டத்தைச் சொல்வார். தவறு செய்தவன் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். மறுத்தால் மறுபடியும் கேட்க வேண்டும். மூன்றாம் முறையும் மறுத்தால் கேட்டவன் விடுபட்டான். சுமை மறுத்தவன் தலைக்கு மாறிவிடும். "பென்சில் திருடினவன் மூணு தடவை அலையணும். அதுக்கப்புறம் பென்சில்காரன்தான் திருதிருன்னு முழிக்கணும்" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. முன்கோபி. சமையலில் உப்புக் கூடும். ஆனால் மகன் விஷயத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. யோயலுக்கு வலிப்பு நோய், பேச்சும் தாமதம். ஆறு வயதில் அவனைத் தன் பள்ளியிலேயே சேர்க்கக் கேட்டபோது, "இந்தப் பிள்ளைக்கு நம் பள்ளி ஒத்துவராது" என்று எழுதிக் கொடுத்தவர் துணைத் தலைமை ஆசிரியை லோட்டி. ஹெனியாவின் உயிர்த்தோழி. அன்றிலிருந்து பன்னிரண்டு வருடம் ஹெனியா அதிகாலையில் இரண்டு டிராம் மாறி மகனை வேறு பள்ளியில் விட்டுவிட்டு, மணியடிக்கும் முன் தன் வகுப்புக்கு ஓடிவந்தார். பத்தொன்பதாம் வயதில் யோயல் ஒரு வலிப்பிலிருந்து மீளவில்லை.

அந்த வருடம் நோன்புக்கு முந்தைய பகலில் லோட்டி வாசலில் வந்து நின்றார். நாவா நடையில் நின்றிருந்தாள்.

"நான் எழுதினது தப்பு, ஹெனியா. மன்னிச்சிரு."

"நோன்பு வருது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு."

கதவு மூடியது. அடுத்த வருடமும் அப்படியே. அதற்கடுத்த வருடமும் அப்படியே. நான்காம் வருடம் லோட்டி வரவில்லை. வரவேண்டிய கடமையும் இல்லை.

ஹெனியாவும் லோட்டியும், இறந்த பெண்களைக் கழுவி அடக்கத்துக்கு ஆயத்தம் செய்யும் தொண்டர் குழுவில் இருந்தார்கள். கூப்பிட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகிற வேலை. நன்றி சொல்ல எதிரில் இருப்பவருக்கு வாயில்லை. இருவருமே விலகவில்லை, ஒரே முறையில் சேர்ந்து போகவுமில்லை. "நம்ம சட்டப்படி பால் பாத்திரத்தையும் கறிப் பாத்திரத்தையும் சேராமப் பிரிச்சு வைக்கிறதுகூட லேசு. இவங்க ரெண்டு பேரையும் பிரிச்சு முறை போடறதுக்குள்ள எனக்கு நரை வந்துருச்சு" என்பார், முறைப்பட்டியல் எழுதும் ஃப்ரூமா.

ஹெனியா ஒரு வியாழன் மாலை இறந்தார். மறுநாள் வெள்ளி மாலை ஓய்வுநாள் தொடங்குமுன் அடக்கம் முடிய வேண்டும். வெள்ளி காலை எட்டு மணிக்கு ஃப்ரூமா ஒரு பழைய உறையோடு நாவாவிடம் வந்தார்.

"உங்க அம்மா எங்கிட்ட குடுத்து வச்சது. செத்தப்புறம் பிரிக்கச் சொன்னாங்க."

உள்ளே ஹெனியாவின் கையெழுத்தில் ஒரே வரி. தன்னைக் கழுவும்போது லோட்டி முன்னால் நிற்க வேண்டும்.

நாவா அந்த வரியை மறுபடி படித்தாள். முன்னால் நிற்பவர்தான் இறந்தவரைப் பெயர் சொல்லி அழைத்து, எங்கள் கையால் உனக்கு ஏதும் மரியாதைக் குறைவு நேர்ந்தால் மன்னித்துவிடு என்று கேட்பவர்.

"ஏன்னு சொன்னாங்களா?"

"கேட்டேன். உன் பட்டியல் வேலையை மட்டும் பார்த்துக்கோன்னாங்க. நீ வேண்டாம்னா நான் வேற ஆளைப் போடறேன், கண்ணு. ஒன்பது மணிக்குள்ள சொல்லிடு."

தம்பி யோயலின் பெயரால் மறுத்துவிட நாவாவுக்கு உரிமை இருந்தது. மனமும் இருந்தது. அம்மா கொடுத்தது மன்னிப்பா, தண்டனையா? தெரியாத ஒன்றை மறுப்பது எப்படி? அவளே தொலைபேசியை எடுத்தாள். லோட்டிக்கு எண்பத்தொரு வயது.

"நாவா பேசறேன். அம்மா உங்களை முன்னால நிக்கச் சொல்லி எழுதி வச்சிருக்காங்க."

"எனக்குக் கை நடுங்குதும்மா. வாளி தூக்க முடியாது."

"தண்ணி மத்தவங்க ஊத்துவாங்க. பேர் சொல்லிக் கேக்கறது மட்டும் நீங்க."

"நான் மூணு தடவை கேட்டாச்சு."

"தெரியும். நடையில நின்னு கேட்டுட்டுதான் இருந்தேன்."

"அப்போ ஏன் கூப்பிடறே?"

"நான் கூப்பிடல. அவங்க கூப்பிடறாங்க."

"வண்டி அனுப்பு" என்றார் லோட்டி.

பெற்ற மகள் உடலைக் கழுவும் அறைக்குள் போகும் வழக்கமில்லை. நாவா வெளியே நாற்காலியில் இருந்தாள். தண்ணீர் இடைவிடாமல் விழும் ஓசை கேட்டது, நின்றது. வெகுநேரம் கழித்து லோட்டி ஈரமான சட்டைக் கையோடு வெளியே வந்தார். நாவா எழுந்தாள். கேட்காதே என்பதுபோல லோட்டி தலையசைத்தார். அங்கே பேசியதை வெளியே கொண்டுவருவதில்லை.

"உங்க அம்மாவுக்குக் கால் சின்னது. எனக்கு மறந்தே போச்சு" என்று மட்டும் சொன்னார்.

அடக்கம் முடிந்து வந்த பிறகுதான் நாவா அந்தக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் தேதி இருந்தது. பதினாறு வருடங்களுக்கு முன், நோன்புக்கு முந்தைய நாள். லோட்டியின் முகத்துக்கு நேரே மூன்றாம் முறை கதவை மூடிய அதே நாள். அதற்குப் பிறகும் ஹெனியா கடைத்தெருவில் லோட்டியைக் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்து போனார். ஆனால் ஃப்ரூமாவிடம் கொடுத்த உறையை ஒருமுறையும் திரும்பக் கேட்கவில்லை.