உள்ளறை வாடகை

மும்பை மாட்டுங்காவில் ஷ்யாமளாவின் வீடு ஒரு ஹால், ஓர் உள்ளறை, ஒரு சமையலறை. மாமனார் காலத்தில் வாங்கியது. சொந்த வீட்டில் இருப்பவளுக்கு என்ன கஷ்டம் வந்துவிடப்போகிறது என்றுதான் உறவுக்காரர்கள் நினைத்தார்கள். ஆனால் அவள் கணவர் ஜம்பு கணக்குப் பார்த்துவந்த ஃபோர்ட் பகுதிக் கம்பெனியை அவருடைய ஐம்பத்துமூன்றாவது வயதில் இழுத்து மூடிவிட்டார்கள். எட்டு மாதம் அலைந்தபிறகு சயானில் ஒரு காகித வியாபாரியிடம் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. மகன் மாதவ் கம்பெனி மூடிய வருஷம்தான் இன்ஜினீயரிங் சேர்ந்திருந்தான்.

ஷ்யாமளா முதலில் சின்னச் சின்னதாகக் குறைத்துப் பார்த்தாள். பேப்பரையும் கேபிளையும் நிறுத்தினாள். பாலைப் பாதியாக்கினாள். பதினொரு வருஷமாகப் பாத்திரம் தேய்த்த வந்தனா பாயியிடம் அடுத்த மாதத்திலிருந்து வரவேண்டாம் என்று சொல்வதற்கு மூன்று நாள் தள்ளிப்போட்டாள். கடை கட்டும் நேரமாகப் பார்த்து மார்க்கெட்டுக்குப் போய், வாடிய கீரையைப் பேரம் பேசி வாங்கினாள். இத்தனையும் செய்தும் மாதம் ஐயாயிரம்கூட மிஞ்சவில்லை. கல்லூரிக்கு எழுபதாயிரம் கட்டவேண்டியிருந்தது. வளையல்கள் ஏற்கெனவே அடகுக்குப் போயிருந்தன.

உள்ளறையைப் பேயிங் கெஸ்டுக்கு விடலாம் என்று அவள் சொன்னபோது ஜம்பு தட்டிலிருந்து நிமிரவில்லை.

“நாம எங்க படுத்துக்கறது?”

“ஹால்லதான். மாதவ் படுத்துக்கலையா?”

“அவன் சின்னவன்.”

சொல்லிவிட்டு அவர் கை கழுவ எழுந்துபோனார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவள் புரோக்கருக்குப் போன் செய்தாள்.

வந்தவள் ஸ்ரீலேகா, கோயம்புத்தூர்ப் பெண். பி.கே.சி.யில் ஒரு பாங்கில் வேலை. காலை டிபனும் ராத்திரிச் சாப்பாடும் சேர்த்து மாதம் பதினாறாயிரம் என்று பேசினார்கள். நல்ல பெண், ஒன்றாம் தேதியே பணத்தைப் போட்டுவிடுவாள். ஆனால் ஏழு மணிக்கு அவள் குளிக்கவேண்டும். அதற்குள் வீட்டிலிருக்கும் மூன்று பேரும் குளித்து முடித்திருக்க வேண்டும். ஷ்யாமளா நாலே முக்காலுக்கு எழுந்தாள். பீரோ உள்ளறையில் இருந்ததால் நாலு புடவையை வெளியே எடுத்துச் சமையலறை அலமாரியில் வைத்துக்கொண்டாள். பனியனோடு வீட்டில் உலாவிப் பழகிய ஜம்பு, அந்தப் பெண் கதவைச் சாத்தும்வரை சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவர் அதைப்பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

ஆகஸ்டில் ஷ்யாமளாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஹாலில் பாயை விரித்தால் நடக்க வழியில்லை. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தபடியே உப்புமாவுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளை ஸ்ரீலேகா பார்த்தாள். கத்தியை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

“என் ரூம்ல வந்து படுத்துக்குங்க ஆன்ட்டி. நான் ஆபீஸ் போயிருவேன், யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க.”

அவள் அன்பாகத்தான் சொன்னாள். ஷ்யாமளாவும் சரி என்று தலையாட்டினாள். எல்லோரும் கிளம்பியபின் உள்ளே போனாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து படுத்த கட்டில். இப்போது அதில் பூப்போட்ட விரிப்பு, அறை முழுக்க வேறு ஏதோ சோப்பு வாசனை. தலையணையில் தன் தலை எண்ணெய் ஒட்டிவிடக்கூடாது என்று துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு படுத்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். தூக்கம்தான் வந்தது. நாலு மணி நேரம் அடித்துப் போட்டதுபோலத் தூங்கி எழுந்து, ஒரு சுருக்கமும் தெரியாமல் விரிப்பை இழுத்துவிட்டாள்.

அடுத்த மே மாதம் ஸ்ரீலேகாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அறையைக் காலி செய்தாள். அதுவரை மாதவின் ஃபீஸ் தடங்கலில்லாமல் கட்டியாகிவிட்டது. வளையல்களை மட்டும் மீட்க முடியவில்லை. அவள் போன அன்றே ஜம்பு யாரையும் கேட்காமல் தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தார்.

மூன்றாம் நாள் புரோக்கர் கூப்பிட்டான். ரஞ்சனா என்று ஒரு பெண், பதினேழாயிரம் தருவாளாம். போனைக் கையால் பொத்திக்கொண்டு ஷ்யாமளா கணவரைப் பார்த்தாள். ஒரு மாசம் சும்மா கிடக்கட்டுமே என்றார் அவர்.

“ஜூலைல திரும்பவும் கட்டணும், கேட்டேளா. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு.”

புரோக்கரிடம் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் நம்மளோடதுதானே?” என்றார் ஜம்பு.

“நம்மளோடதுதான்.”

அன்று மாதவ் ஹாலில் படித்துக்கொண்டிருக்கும்போதே, இருவரும் உள்ளறை விளக்கை அணைத்துவிட்டார்கள்.