துண்டு போட்ட இடம்

தியாகராய நகர் பேருந்து நிலையத்தில் ஒரு கொத்தனாரின் இடத்தை நான் திருடினேன். அப்போது கல்லூரியில் அறவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

அவர் இமையில்கூட சிமெண்ட் படிந்திருக்கும். ஒரு முழங்கால் வீங்கியிருக்கும். அடையாறு பஸ் உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிப்பார். குறி தப்பாது. ஒருநாள் அந்தத் துண்டைக் கீழே தள்ளிவிட்டு நான் உட்கார்ந்துகொண்டேன். அவர் நொண்டிக்கொண்டே ஏறி வந்து கேட்டபோது, "துண்டா? நான் பாக்கலையே" என்றேன். கீழே கிடந்ததை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் நின்றே வந்தார்.

மறுநாள் அவருக்காக என் கைக்குட்டையை வீசினேன். நான் ஏறுவதற்குள் ஒரு தடித்த ஆள் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். "எழுந்திருய்யா!" என்று அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

பின்னாலிருந்து கொத்தனார் என் கையை விலக்கினார். "இன்னா சார், கடிச்சிடுவ போலகீது! யாருக்கோசரம் சண்ட?"

"உங்களுக்காகத்தான். நேத்து செஞ்ச தப்புக்கு..."

அவர் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "நேத்து உனுக்கோசரம் பொய் சொன்ன. இன்னிக்கு எனுக்கோசரம் அடிக்கப் போற. நீ நின்னுகினே வா சார், அதான் எல்லாருக்கும் நல்லது."

வலிக்கும் காலைச் சற்றே தூக்கிக்கொண்டு, அடையாறு வரை அவர் என் தோளில் சாய்ந்து நின்றே வந்தார். அப்படி ஒரு நல்ல பயணம் எனக்கு அதன்பின் வாய்க்கவில்லை.