எரியும்னு சொல்லு சித்தி

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையை ஒரு அண்ணனுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். தென்காசிப் பக்கத்துக்காரர். ஒரகடம் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை, சாயந்திரம் டிப்ளமோ. அந்தக் காலேஜில் அவருக்குப் பாடம் எடுத்தது என் சித்தி. அவளும் எங்களோடுதான் இருந்தாள்.

அண்ணனுக்கு எலக்ட்ரிகல் பேப்பர் மட்டும் பாஸாகாமல் நின்றுகொண்டே வந்தது. இந்த முறையும் போனால் வேலை நிரந்தரம் ஆகாது. ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். சித்தியோ மூச்சு விடாமல் பாடம் நடத்துகிறவள். ஒருநாள் அண்ணன் துணி துவைத்துக்கொண்டே கேட்டார்.

"கேள்வியும் நீங்களே கேக்கிய, பதிலும் நீங்களே சொல்லுதிய. பொறவு நாங்க எதுக்கு மேடம்?"

"நல்லா கேட்ட தம்பி. வூட்லயும் இப்டிதான் கீறா" என்றாள் அம்மா. சித்தி சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் அண்ணனுக்கு செகண்ட் ஷிப்ட். வகுப்புக்கு வர முடியாது. பாடத்தை போனில் எடுத்து அனுப்புவதாகச் சொன்னாள் சித்தி. போனைப் பிடிக்க நான். "கை ஆடக் கூடாது, வாயத் தொறக்கக் கூடாது."

சுவரில் சாக்பீஸால் பல்பு வரைந்தாள். "ஒரே ஒயர்ல ஒண்ணு பின்னாடி ஒண்ணா மூணு பல்பு. நடுவுல ஒண்ணு பீஸ் போச்சு. மத்தது எரியுமா?"

கேட்டுவிட்டு நின்றாள். போனையே பார்த்தாள். பேசவில்லை. சித்தி பேசாமல் நின்றால் வேறென்ன? பாடம் மறந்துபோச்சு. மானம் போகப் போகுது.

"எரியும்னு சொல்லு சித்தி!" என்று கத்திவிட்டேன்.

அடி விழும் என்று நினைத்தேன். சித்தி சிரித்தாள். போனைப் பார்த்து, "இவ எரியும்ங்கிறா. நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கேட்டு மறுபடியும் நின்றாள். பதில் சொல்லாமலே முடித்தாள். அழித்துவிட்டு வேறு எடுக்கச் சொன்னாள் அம்மா. "வேணாங்க்கா, இருக்கட்டும்" என்று அப்படியே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை அண்ணன் பல் தேய்த்துக்கொண்டே அதைப் பார்த்தார். என் குரல் வந்ததும், "ஆமா, எரியும்" என்றார். பிறகு பிரஷ் வாயிலேயே நின்றது. கொஞ்சம் கழித்து நுரையோடு ஓடி வந்தார்.

"மேடம், எரியாது! எங்கூர் கோயில் கொடை விழாவுக்கு சீரியல் செட் போடுவோம்லா? ஒரு பல்பு போனா அந்த வரிசையே அணைஞ்சிரும்லா!"

சித்தி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். "ஏன்?" என்று மட்டும் கேட்டாள். மறுபடியும் பேசாமல் நின்றாள். அதற்கும் அவரே பதில் சொன்னார்.

அந்த முறை பேப்பர் பாஸ். வேலையும் நிரந்தரமாச்சு. ஊருக்குப் போய்ச் சொல்லிவிட்டு அல்வாவோடு வந்தார். முதல் துண்டை என்னிடம் நீட்டி, "இந்தாங்க டீச்சரம்மா" என்றார்.

இப்போது நானும் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நிற்கிறேன். புதுசாக வரும் பிள்ளைகளுக்கு வேலை சொல்லிக்கொடுப்பது நான்தான். கேட்டுவிட்டு, சித்தி மாதிரி வாயை மூடிக்கொண்டு நிற்பேன். அவள் நல்லா இருக்கணும்.

அல்வா வந்த அன்றைக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? பதில் தப்பாகப் போனால் என்ன, மறந்துபோய் நின்ற சித்தியைக் காப்பாற்றினது நான்தானே என்று ரெண்டாவது துண்டும் கேட்டு வாங்கித் தின்றேன்.