பேசாதீங்கம்மா

அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவருக்கு ‘மூச்சு சார்’ என்று பேர். யார் வைத்ததோ, ஒட்டிக்கொண்டது. “தாடையைத் தூக்குங்க. கையை இடுப்புல வைங்க. மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க... விடலாம். அடுத்து!” பகல் முழுக்க இதுதான் அவர் பேச்சு. தூக்கத்தில்கூட “அசையாதீங்க” என்பாராம். “நான் எங்க போகப்போறேன்” என்று மனைவி புரண்டு படுத்துக்கொள்வாள்.

கை வேகமான மனிதர். அவர் இருக்கும் நாளில் வரிசை தேங்காது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வெளியே நர்ஸ் நம்பரைக் கூப்பிடுவாள். ஆள் உள்ளே வந்து, நெஞ்சைத் தகட்டில் ஒட்டி, அவருக்கு முதுகு காட்டி நிற்கும். முகம் பார்க்க வேண்டிய வேலையே இல்லை. மனசு பாட்டுக்கு வண்டி டயர், மாடியில் ஒழுகும் தொட்டி என்று எங்கேயாவது சுற்றிக்கொண்டிருக்கும்.

ஊரே இருமிக்கொண்டிருந்த ஒரு வாரம், அக்கா மகள் போன் செய்தாள். “அம்மாவுக்கு முடியல மாமா. வந்து பாத்துட்டுப் போங்க.”

அதே ஊர்தான். ஆனாலும் அவர் அக்கா வீட்டுப் படியேறிப் பல மாதம் ஆகியிருந்தது. அம்மா சீக்கிரமே போய்விட்ட வீட்டில் அவரை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. வழியில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனார்.

அக்கா இரண்டு தலையணையில் சாய்ந்திருந்தாள். இருமலைக் கேட்டதுமே இவருக்குக் கோபம் வந்தது.

“இப்படி இருமிட்டு இருக்க, ஒரு படம் எடுத்துப் பாக்க வேணாமா? நான் எதுக்கு இருக்கேன்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வரிசைல நிக்க விடாம எடுத்துக் குடுத்திருப்பேனே!”

அக்கா மகள் அம்மாவைப் பார்த்தாள், பிறகு இவரை.

“வியாழக்கிழமை நீங்கதானே மாமா எடுத்தீங்க?”

“யாருக்கு?”

“அம்மாவுக்கு.”

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தார். “வேற யாராவது எடுத்திருப்பாங்க.”

“நான் கதவுக்கு வெளியதான் நின்னேன். உங்க குரல் கேட்டுச்சு மாமா.”

அக்கா குறுக்கே புகுந்தாள். “சும்மா இருடி. மாஸ்க், அங்கி, தலைக்குத் துணின்னு நானே ஒரு மூட்டை மாதிரி இருந்தேன். வேணும்னுதான் வாயைத் திறக்கல. கண்டுபிடிக்கிறானா பாப்போம்னு.” இருமிவிட்டுத் தொடர்ந்தாள். “அப்புறம் ஒரு தடவை ‘தம்பி’ன்னேன். ‘பேசாதீங்கம்மா, படம் ஆடிடும்’னுட்ட. அதுவும் சரிதானே?”

ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் அவரைத் தம்பி என்கிறார்கள். வியாழக்கிழமையைத் தேடிப் பார்த்தார். யாரோ ஒருத்தியின் தோள் தகட்டில் சரியாகப் படியவில்லை என்று இரண்டு கையாலும் அழுத்தியது மட்டும் மங்கலாக ஞாபகம் வந்தது. அது அக்காவா? தெரியவில்லை. சின்ன வயதில் காலில் முள் குத்திச் சீழ் வைத்தபோது, பள்ளிக்கூடம் வரை அவரை உப்புமூட்டை தூக்கிப் போனவள் இவள். அந்த முதுகைத்தான் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

முகம் எரிந்தது. ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பதென்றுகூடப் புரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா...”

“விடுடா. உனக்கு அங்க எத்தனை பேரு!”

நாலு திட்டு திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பார். அந்த எத்தனை பேரில் ஒருத்தியாகத் தன்னைத் தானே அவள் சேர்த்துக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் தேடி எடுத்தார். துளி ஆடாமல், எலும்பு எலும்பாக, அருமையாக விழுந்திருந்தது. நுரையீரலில் ஒரு ஓரம் சளி கட்டியிருந்தது. மருந்தில் சரியாகக்கூடியதுதான், சில வாரத்தில் சரியாகியும் விட்டது.

அன்று ஒவ்வொருவரையும் முகம் பார்த்து உள்ளே கூப்பிட்டார். ஒரு பெரியவரிடம், “உக்காருங்கய்யா, இருமல் அடங்கட்டும், மெதுவா எடுக்கலாம்” என்றார். பெரியவர் வெலவெலத்துப்போனார். “எதாவது பெரிய வியாதியா சார்? என்கிட்ட மறைக்காதீங்க.”

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “உடம்பு கிடம்பு சரியில்லையா சார்? கூட்டம் லிஃப்ட் வரைக்கும் போயிருச்சு.”

மதியத்துக்குள் பழைய வேகம் வந்துவிட்டது. அது வந்ததுகூட அவருக்குச் சாயங்காலம் சட்டையை மாட்டும்போதுதான் உறைத்தது. தன் வெட்கத்துக்கு இவ்வளவுதானா ஆயுசு என்று இன்னொரு தரம் வெட்கமாக இருந்தது. மறுநாள் காலையில் மறுபடி முதல் ஆளின் முகத்திலிருந்து தொடங்கினார். சில நாள் பத்து முகம் மனசில் தங்கும், சில நாள் ஒன்றுகூடத் தங்காது. மனைவியிடம் இதையெல்லாம் அவர் சொல்லவில்லை.

வாரம் ஒரு தடவை அக்கா வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். ஒரு நாள் சமையலறையில், அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே மாடிவீட்டுக்காரி கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இவரும் “ம்” கொட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று நிறுத்தினாள்.

“இப்ப நான் என்ன சொன்னேன், சொல்லு?”

அவர் தலை தானாகக் குனிந்தது. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

“தெரியலக்கா,” என்றார். “எங்கயோ போயிட்டேன். திரும்பச் சொல்றியா?”

அக்கா அவரை ஒரு கணம் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.