மருந்து கலக்காத கூண்டுகள்

அந்த எலிகளின் ஈரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. அப்போது நான் மதுரையில் ஆராய்ச்சி மாணவி. மேலூர்ப் பக்கம் வயலில் தெளிக்கிற ஒரு களைக்கொல்லி ஈரல் புற்றை வளர்த்துவிடுகிறதா என்பதுதான் என் கேள்வி. எல்லா எலிகளுக்கும் இளசிலேயே புற்றைத் தொடங்கிவைக்கும் ஊசி ஒன்றைப் போட்டோம். பிறகு பாதிக் கூண்டுகளுக்குக் களைக்கொல்லி கலந்த தீனி, மீதிக்கு வெறும் தீனி. மருந்து தின்றவற்றுக்குக் கட்டி கூடுதலாக இருந்தால் மருந்துதான் குற்றவாளி.

மாதக்கணக்கில் தீனியை எடை போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகூடக் காளவாசல் நெரிசலில் முட்டி மோதி ஆய்வகத்தில் போய் நின்றேன். கடைசியில் அறுத்துப் பார்த்தால் இரு தரப்பு ஈரலிலும் ஒரே மாதிரி வெளுத்த கட்டிகள்.

நெறியாளருக்கு ஒரே சந்தோஷம். "வித்தியாசமே இல்லையா? இந்த மருந்தால புற்று வளரலைன்னு எழுதி முடிம்மா."

எழுதியும் இருப்பேன். ஆனால் கூண்டு கழுவும்போது மரத்தூளுக்குள் பூஞ்சை பூத்த கடலைத் தோல் கிடைத்தது. அதுவும் வெறும் தீனிக் கூண்டுகளில் மட்டும். அந்தப் பூஞ்சையின் நஞ்சே ஈரலில் புற்றைக் கொண்டுவரும். இரு தரப்பும் ஒரே மாதிரி தெரிந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஆய்வகத்தில் எலிகளைப் பராமரிக்கும் ஊழியர் அண்ணனைப் பிடித்து உலுக்காத குறைதான்.

"பிள்ளையாரு வாகனம்மா. தெனமும் ஒரு கை கடலை போட்டேன். ஆரப்பாளையத்துல கடைக்காரரு பூசணம் புடிச்சதுன்னு ஒதுக்கி வச்சத வாங்கியாந்தேன். மருந்து திங்கிறதுகளுக்குப் போட்டா உன் சோதனை கெட்டுப்போகும்னு அதுக பக்கமே போகலம்மா."

எவ்வளவு கவனமாகக் கெடுத்திருக்கிறார்! தொண்டை கட்டும்வரை கத்தினேன். நெறியாளரிடம் ஓடிச் சொன்னேன்.

"கடலையை யாரு பாத்தா? விடும்மா."

அந்த ஒரு வார்த்தையில் என் கோபமெல்லாம் அவர் பக்கம் திரும்பிவிட்டது. மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு தெளிக்கிறவன் எங்கள் காகிதத்தை நம்பித்தானே நாளைக்கும் வயலில் இறங்குவான்? அப்படி எழுத முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

ஆத்திரம் அடங்காமல் திரும்பி வந்து அண்ணனிடம் மறுபடியும் பாய்ந்தேன். "எம்புட்டு உழைச்சேன் தெரியுமாண்ணே? வெறும் தீனிக் கூண்டுகளையும் தொடக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நீதானம்மா சொன்ன, அதுகளுக்குச் சோதனை ஒண்ணும் இல்ல, சும்மா இருக்குதுகன்னு."

சொன்னேன்தான். முதல் நாள், இவருக்கு விளக்கி என்ன ஆகப்போகிறது என்ற திமிரில்.

இந்தச் சோதனையிலிருந்து எதையும் சொல்ல முடியாது என்று அறிக்கையில் எழுதினேன். காரணத்தில் கடலையோடு என் வாயையும் சேர்த்தேன். கொன்ற எலிகள் கொன்றவைதான்.